சனி ஞாயிறும் ஆபீஸுக்கு வான்னு கூப்பிட்டா என்ன பண்றது: சைடு வேலை வச்சிருக்கிற மாசச் சம்பளக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

மாசச் சம்பளத்துக்கு ஒரு கம்பெனி, சனி ஞாயிறுல தனியா இன்னொரு வேலைன்னு ஓடிட்டு இருக்கறவங்க தமிழ்நாட்டுல நிறைய. கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கறவங்க, பிளஸ் டூ பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறவங்க, சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணித் தர்றவங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் பைக் டாக்ஸி ஓட்டறவங்கன்னு லிஸ்ட் போயிட்டே இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் குரூப்ல "நாளைக்கும் நாளன்னைக்கும் எல்லாரும் வரணும்"னு ஒரு மெசேஜ் விழுந்தா இவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி வயித்தைக் கலக்கும், ஏன்னா அட்வான்ஸ் வாங்கியாச்சு, மண்டபத்துக்கு காலைல நாலு மணிக்கு போய் நிக்கணும்.

நான் சம்பளக் கணக்கு, ஹெச்ஆர் பக்கம் வேலை பாத்தவன், இந்த சண்டைய ரெண்டு பக்கத்துல இருந்தும் பாத்திருக்கேன். எல்லாரும் சறுக்கற இடம் ஒன்னுதான், மேனேஜர்கிட்ட போய் "சார் எனக்கு வேற ஒரு வேலை இருக்கு, அதனால வர முடியாது"ன்னு சொல்லிடறாங்க. உங்க ரெண்டாவது வேலைக்கு சட்டத்துல எந்தப் பாதுகாப்பும் கிடையாது, உங்க வார லீவுக்கு இருக்கு. பேச்சு லீவைப் பத்தி இருக்கற வரைக்கும் உங்க கை மேல, சைடு வேலையப் பத்தி மாறுன அடுத்த நிமிஷம் அவங்க கை மேல. கீழ சொல்றது எல்லாமே இதை வச்சுத்தான், ஸ்டெப் ஸ்டெப்பா வாங்க.

ஸ்டெப் 1: எந்த சட்டம் உங்களுக்குன்னு முதல்ல பாருங்க

அரசு ஊழியரா இருந்தா இந்த வழிகாட்டி உங்களுக்கு பெருசா உதவாது. 1973ம் வருஷ தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் படி அனுமதி வாங்காம தனியா தொழிலோ வேலையோ பண்ணக்கூடாது, அங்க பிரச்சனை சனி ஞாயிறு இல்ல, சைடு வேலையே தான். ஸ்கூல் டீச்சர்களும் கவனிக்கணும், 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 28வது பிரிவு டீச்சர்கள் பிரைவேட் டியூஷன் எடுக்கக்கூடாதுன்னு நேரடியா சொல்லுது. ஊர்ல பாதி டீச்சர் எடுக்கறாங்களேன்னு கேக்காதீங்க, எடுக்கறாங்க, ஆனா நிர்வாகத்தோட முட்டிக்கிட்டா முதல்ல வெளிய வர்ற ஆயுதம் அதுதான்.

ஃபேக்டரில வேலைன்னா ஒரு தனி கட்டுப்பாடு இருக்கு. பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 60வது பிரிவு, ஒரு ஃபேக்டரில வேலை பாத்த அதே நாள்ல இன்னொரு ஃபேக்டரில வேலை பாக்க விடக்கூடாதுன்னு சொல்லுச்சு. 2025 நவம்பர் 21ல இருந்து நாலு புது தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்துடுச்சு, அதுல இதே விஷயம் 12 மணி நேர இடைவெளின்னு மாறி இருக்கு. அதனால அம்பத்தூர்ல ஒரு கம்பெனில நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா பக்கத்து எஸ்டேட்ல இன்னொரு ஃபேக்டரிக்கு போறது ரெண்டு முதலாளிக்கும் சிக்கல். கல்யாண வீட்டுக்கு போட்டோ எடுக்கப் போறது இதுல வராது.

மிச்சம் இருக்கற ஆபீஸ், கடை, ஐடி, ஆடிட்டர் ஆபீஸ், ஷோரூம் ஆளுங்களுக்கு 1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் தான் அடிப்படை. புது தொகுப்புகள் வந்ததால இது போயிடல, இது மாநில சட்டம், தனியா நிக்குது. இந்த சட்டத்துல 4வது பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு, "நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு" இது பொருந்தாது. ஹெச்ஆர் முதல்ல எடுத்து வீசறது இதைத்தான், "நீங்க அசிஸ்டன்ட் மேனேஜர், உங்களுக்கு ஓவர்டைம் எல்லாம் கிடையாது"ம்பாங்க. விசிட்டிங் கார்டுல என்ன போட்டிருக்குங்கறது முக்கியம் இல்ல, நிஜமா என்ன வேலை பாக்கறீங்கங்கறது தான் கணக்கு. ஆள் எடுக்கற, அனுப்பற, லீவு சேங்ஷன் பண்ற அதிகாரம் எதுவும் இல்லாம நாள் முழுக்க எக்ஸெல் ஷீட் தட்டறவருக்கு மேனேஜர்னு பேர் வச்சா மட்டும் அவர் நிர்வாகம் ஆகிட மாட்டார். நிஜமாவே ஒரு பிராஞ்சை நடத்தறவர்னா இந்த சட்டம் கை கொடுக்காது, அவருக்கு ஸ்டெப் 2ல சொல்ற பேப்பர் மட்டும் தான் துணை.

ஸ்டெப் 2: நியமனக் கடிதத்தை எடுத்து ஒரு தடவையாவது முழுசா படிங்க

சேர்ற அன்னைக்கு கையெழுத்து போட்டுட்டு பீரோல வச்ச பேப்பரை எடுங்க. அந்தப் பேப்பரே தரலன்னா கேட்டு வாங்குங்க, எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கணும்னு புது சட்டத் தொகுப்புல கட்டாயமாவே வந்துடுச்சு. அதோட கம்பெனி பாலிசி புக், ஹேண்ட்புக்னு ஏதாவது இருந்தா அதையும் எடுத்து வச்சுக்கங்க, ஏன்னா பாதி விஷயம் லெட்டர்ல இருக்காது, "கம்பெனி பாலிசிப்படி"ன்னு ஒரு வரில முடிச்சிருப்பாங்க.

முதல்ல வேலை நாள் எத்தனைன்னு பாருங்க. அஞ்சு நாள்னு எழுதி இருக்கா, ஆறு நாளா, இல்ல எண்ணிக்கையே சொல்லாம விட்டிருக்காங்களா. ரொம்ப லெட்டர்ல "வேலையின் தேவைக்கேற்ப கூடுதல் நேரமும் விடுமுறை நாட்களிலும் பணிபுரிய வேண்டியிருக்கும்"னு ஒரு வரி இருக்கும், அதைப் பாத்து மனசு விட்டுடாதீங்க. எப்பவாவது தேவைப்பட்டா கூப்பிடலாம்ங்கறதுக்கு அந்த வரி போதும், வாரா வாரம் ஏழு நாளும் வேலை வாங்கறதுக்கு போதாது, சட்டம் கொடுத்த வார லீவை ஒரு லெட்டர்ல எழுதி எடுத்துட முடியாது.

அடுத்தது வேற வேலை பத்தின வரி. இது மூணு விதமா இருக்கும். ஒன்னு, வேற எந்த வேலையும் கூடவே கூடாது. ரெண்டு, எழுத்துல அனுமதி வாங்கிட்டு பண்ணலாம். மூணு, போட்டி கம்பெனிக்கும் கிளையண்டுக்கும் மட்டும் பண்ணக்கூடாது. உங்களுது எதுங்கறதைப் பொறுத்து மிச்ச ஸ்டெப் எல்லாம் மாறும். "என் சொந்த நேரத்துல நான் என்ன பண்ணா இவங்களுக்கு என்ன, கோர்ட்ல நிக்காது"ன்னு இன்டர்நெட்ல நிறைய பேர் வீரம் பேசுவாங்க. வேலைய விட்ட பிறகு போட்டி கம்பெனில சேரக்கூடாதுங்கற கண்டிஷன் தான் ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவுல அடிபடும். வேலைல இருக்கும்போதே வேற வேலை பாக்கக்கூடாதுங்கற கண்டிஷன் செல்லும்னு உச்ச நீதிமன்றம் 1967லயே சொல்லிடுச்சு. அதனால முதல் வகை லெட்டர்னா நீங்க கண்ணாடி வீட்டுக்குள்ள இருந்து பேசறீங்கன்னு ஞாபகம் வச்சுக்கங்க.

கோடு எழுதறவங்க, டிசைன் பண்றவங்க இன்னொரு வரியும் தேடணும், வேலைல இருக்கற காலத்துல நீங்க உருவாக்கறது எல்லாம் கம்பெனிக்கு சொந்தம்ங்கற மாதிரி ஒன்னு. அது இருந்தா சைடு வேலைய ஆபீஸ் லேப்டாப்ல தொடவே தொடாதீங்க, ஆபீஸ் வைஃபை கூட வேணாம், ஆபீஸ் மெயில்ல இருந்து கிளையண்டுக்கு ஒரு ஃபைல் அனுப்புனது போதும் உங்களைத் தூக்கறதுக்கு.

ஸ்டெப் 3: சனி வேற, ஞாயிறு வேற

இதைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதி சண்டை தேவைப்படாது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்துல ஒரு நாள் முழு லீவு, சட்டம் சொல்றது இவ்வளவுதான். ஓவர்டைம் சேத்தாலும் ஒரு நாளைக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக்கூடாது. வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறக்க அரசாணைல அனுமதி வாங்கின இடங்கள்ல மட்டும் பத்தரையும் 57ம். அங்கயும் ஒவ்வொருத்தருக்கும் மாத்தி மாத்தி வாரம் ஒரு நாள் லீவு விடணும்ங்கறது அனுமதியோட கண்டிஷன்.

இப்ப உங்க கணக்கைப் போடுங்க. காலைல ஒன்பதரைல இருந்து சாயங்காலம் ஆறரை, நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு, அஞ்சு நாளைக்கு 40 மணி நேரம் ஆச்சு. சனிக்கிழமை கூப்பிட்டு 8 மணி நேரம் வேலை வாங்குனா 48. சட்டப்படி அவங்க எதையும் மீறல. சனிக்கிழமை லீவுங்கறது கம்பெனி கொடுத்த சலுகை, அல்லது உங்க லெட்டர்ல எழுதின ஒப்பந்தம், அவ்வளவுதான். அதனால சனிக்கிழமைக்கு "இது சட்டவிரோதம்"னு எகிறாதீங்க, ஹெச்ஆர்ல விவரம் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா ஒரே வரில உக்கார வச்சிடுவார். லெட்டர்ல அஞ்சு நாள்னு இருந்தா அந்த வரியக் காட்டி பேசலாம், காம்ப் ஆஃப், அதாவது வந்த நாளுக்கு பதிலா இன்னொரு நாள் லீவு கேக்கலாம், ஆனா அது பேரம்.

சனியும் ஞாயிறும் சேத்து வாங்குனா கதையே வேற, அந்த வாரத்துல உங்களுக்கு லீவே இல்லாம போச்சு. அதே மாதிரி வார நாள்ல தினமும் எட்டரை மணி வரைக்கும் உக்கார வச்சு, பத்து மணி நேரம் கணக்குல அஞ்சு நாளைக்கு 50 ஆயிடுச்சுன்னு வைங்க, அதுக்கு மேல சனிக்கிழமை 8 சேந்தா 58, எந்தக் கணக்குலயும் இது தாண்டிடுச்சு. உங்க பிடி இருக்கறது இந்த ரெண்டு இடத்துல தான்.

எல் அண்ட் டி தலைவர் 2025 ஜனவரில வாரத்துக்கு 90 மணி நேரம், ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்க முடியலயேன்னு வருத்தம், வீட்ல பொண்டாட்டி முகத்தை எவ்வளவு நேரம் பாத்துட்டு இருப்பீங்கன்னு பேசி நாடே சிரிச்சது ஞாபகம் இருக்கும். பேச்சு பேச்சாத்தான் இருக்க முடியும், 48ங்கற நம்பர் அதனால மாறிடல. 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபைலயே ஃபேக்டரிகளுக்கு 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி மே 1 அன்னைக்கு வாபஸ் ஆச்சு, அந்த அளவுக்கு இந்த ஊர்ல இது சூடான விஷயம்.

பொங்கல், சுதந்திர தினம் மாதிரி நாளுக்கு தனிச் சட்டம். 1958 சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோட அஞ்சு பண்டிகை நாள், மொத்தம் 9 நாள் சம்பளத்தோட லீவு. அன்னைக்கு வரச் சொன்னா ஒன்னு, சம்பளம் ரெண்டு மடங்கு, இல்லன்னா அன்னைய சம்பளத்தோட சம்பளத்தோட கூடின மாத்து லீவு. ஆபீஸ்ல லாங் வீக்கெண்ட் பாத்துத்தான் சிஸ்டம் மாத்துவாங்க, கல்யாணமும் அப்பத்தான் வரும், அதனால இதைக் கண்டிப்பா தெரிஞ்சு வச்சிருங்க.

ஸ்டெப் 4: சண்டை போடறது லாபமா நஷ்டமான்னு காசுல பாருங்க

30,000 ரூபா சம்பளம்னு வச்சுக்குவோம். 26 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 1,154, எட்டால வகுத்தா ஒரு மணிக்கு 144 ரூபா சொச்சம். ஓவர்டைம் ரெண்டு மடங்கு, மணிக்கு 288, எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2,300. நிஜத்துல நிறைய ஆபீஸ்ல இதைக்கூட தராம ஒரு பிரியாணி பொட்டலத்தோட முடிச்சிடுவாங்க, அது தனிக் கதை. அதே ஞாயிறு முகூர்த்தத்துக்கு உங்களுக்கு 5,000 வருதுன்னா ஒரு நாளைக்கு 2,700 ரூபா நஷ்டம், ஆனா போற காசு அது மட்டும் இல்ல, கடைசி நேரத்துல கைவிட்டா மெயின் போட்டோகிராஃபர் அடுத்த சீசனுக்கு உங்களைக் கூப்பிட மாட்டார். டியூஷன்னா ஒரு ஞாயிறு தள்ளிப் போட்டு புதன்கிழமை ராத்திரி எடுத்துடலாம். ஜிஎஸ்டி வேலைன்னா தேதி தான் முக்கியம், மாசம் 11ம் தேதிக்கும் 20ம் தேதிக்கும் முன்னாடி எந்த ராத்திரி பண்ணாலும் ஒன்னுதான். பைக் டாக்ஸிக்கு லாகின் பண்ணாம இருந்தா முடிஞ்சது. ஆக தள்ளிப் போட முடியற சைடு வேலைக்கு சண்டை வேண்டாம், விட்டுக் கொடுத்துட்டு காம்ப் ஆஃப் வாங்கிக்கங்க, உங்க எதிர்ப்பை தள்ளவே முடியாத நாளுக்கு சேத்து வைங்க. எல்லா வாரமும் முடியாதுன்னு சொல்றவரோட "முடியாது"க்கு ஆபீஸ்ல மதிப்பே இருக்காது.

ஸ்டெப் 5: சைடு வேலை இருக்குன்னு சொல்லலாமா

எல்லாரும் கேக்கற கேள்வி. உங்க லெட்டர் ரெண்டாவது வகைன்னா, அதாவது அனுமதி வாங்கலாம்னு இருந்தா, வாங்கிடுங்க. பிரச்சனை இல்லாத ஒரு நல்ல மாசத்துல, வேலைல பேர் எடுத்திருக்கற நேரத்துல, ஒரு சின்ன மெயில் போட்டு வாங்குங்க. வீக்கெண்டுக்கு வர முடியாதுன்னு சொல்ற அதே வாரத்துல கேட்டீங்கன்னா கிடைக்காது. மூணாவது வகைன்னா சொல்லணும்னு கட்டாயம் இல்ல, போட்டி கம்பெனியோ கிளையண்டோ இல்லங்கறதை மட்டும் உறுதி பண்ணிக்கங்க. முதல் வகைன்னா சொன்னாலும் ஆபத்து, சொல்லலன்னாலும் ஆபத்து. அந்த லெட்டர்ல கையெழுத்து போட்டுட்டு ஐடி வேலைக்கு சைடுல ஐடி வேலையே பண்றதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

2022ல நடந்ததைப் பாத்தா ஏன்னு புரியும். விப்ரோ சேர்மன் ரிஷத் பிரேம்ஜி ஆகஸ்ட்ல இதை அப்பட்டமான ஏமாத்து வேலைன்னு ட்வீட் போட்டார், செப்டம்பர்ல போட்டியாளர்களுக்கு வேலை பாத்த 300 பேரை எடுத்துட்டோம்னு சொன்னார். இன்ஃபோசிஸ் முதல்ல ரெட்டை வாழ்க்கை கூடாதுன்னு மெயில் அனுப்பிட்டு, அடுத்த மாசமே மேனேஜர் சம்மதத்தோட சின்னச் சின்ன வெளி வேலை பண்ணலாம்னு வழி விட்டுச்சு. ஸ்விக்கி அதே ஆகஸ்ட்லயே அனுமதிக்கற பாலிசி கொண்டு வந்துச்சு. ஆக எல்லா கம்பெனிக்கும் ஒரே நிலைப்பாடு கிடையாது, எல்லாருக்கும் எரியற இடம் மட்டும் ஒன்னுதான், போட்டியாளருக்கு வேலை பாக்கறது.

எப்படி மாட்டுவாங்கன்னும் சொல்லிடறேன். சைடு வேலைலயும் பிஎஃப் பிடிச்சா உங்க பிஎஃப் கணக்குக்கான அதே யுஏஎன் நம்பர்ல ரெண்டு கம்பெனி பேரும் ஒரே மாசத்துல வரும், வேற ஆதாரமே தேவையில்ல. அதனால சைடு வேலைல சம்பளப் பட்டியல்ல ஏறாம வேலைக்கு வேலை பில் கொடுத்து காசு வாங்கறதுதான் வழக்கம். அந்தக் காசுல டிடிஎஸ் பிடிச்சிருந்தா உங்க 26ஏஎஸ்ல, அதாவது வருமான வரித்துறை வச்சிருக்கற உங்க வரிக் கணக்கு அறிக்கைல தெரியும், அதை நீங்களா கொடுத்தா தான் ஆபீஸ் பாக்கும், ஆனா அடுத்த கம்பெனிக்கு மாறும்போது சரிபார்ப்புக்குன்னு கேக்கறாங்க. எல்லாத்துக்கும் மேல மாட்டி விடறது இன்ஸ்டாகிராம் தான். சனிக்கிழமை உடம்பு சரியில்லன்னு மெசேஜ் போட்டுட்டு ராத்திரி ரிசப்ஷன் ரீல்ல கேமராவோட நிக்கறதை டீம்ல ஒருத்தர் பாத்தா திங்கக்கிழமை காலைல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

வரியை மறைக்காதீங்க. சைடு வருமானம் இருந்தா ஐடிஆர் 1 போட முடியாது, தொழில் வருமானத்துக்கான ஃபாரம் தான் போடணும், டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 தாண்டுனா அட்வான்ஸ் டாக்ஸும் கட்டணும். ஆபீஸுக்கு சொல்லாம இருக்கறதுக்கும் வருமான வரிக்கு சொல்லாம இருக்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஸ்டெப் 6: ரெண்டு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க

ஆபீஸ்ல வீக்கெண்ட் வேலை எப்ப வரும்ங்கறது பாதி முன்கூட்டியே தெரியும். அக்கவுண்ட்ஸ்னா மார்ச் கடைசி, செப்டம்பர் ஆடிட் நேரம். ஜவுளி ஷோரூம்னா தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாசம் ஞாயிறுங்கற வார்த்தையே கிடையாது. ஐடின்னா ரிலீஸ் தேதி. இன்னொரு பக்கம் தினசரி காலண்டர எடுத்து முகூர்த்த நாள் பாருங்க, ஆடிலயும் மார்கழிலயும் கல்யாணம் கிடையாது, தை, வைகாசி, ஆவணி நிறைஞ்சு வழியும். அப்ப ஆடி, மார்கழி வீக்கெண்டை எல்லாம் நீங்களே கை தூக்கி "நான் வரேன் சார்"னு ஆபீஸுக்கு கொடுங்க. ஆவணில ஒரு ஞாயிறு முடியாதுன்னு சொல்லும்போது "இவர் ஆடி முழுக்க வந்தாரே"ன்னு மேனேஜர் வாயாலயே வரும். கஷ்டமே பங்குனில தான், மார்ச் மாச ஆபீஸும் கல்யாணமும் ஒன்னா மோதும், அந்த மாசத்துக்கு புக்கிங்கைக் குறைச்சு எடுக்கறது தான் புத்திசாலித்தனம்.

சைடு வேலைலயும் மாத்து ஆள் ஒருத்தரை வச்சிருங்க. அட்வான்ஸ் வாங்கும்போதே "அவசரம்னா என் பார்ட்னர் வருவார்"னு ஒரு வார்த்தை போட்டு வச்சா பின்னாடி சண்டை வராது.

ஸ்டெப் 7: எப்படி சொல்றது

மெசேஜ் வந்த உடனே குரூப்ல பதில் போடாதீங்க. குரூப்ல முடியாதுன்னா மேனேஜருக்கு அது கௌரவப் பிரச்சனை, இன்னும் நாலு பேர் பின்னாடியே முடியாதும்பாங்க, அப்புறம் தலைவர் பட்டம் உங்களுக்குத்தான். தனியா போன் பண்ணுங்க. "சார், இந்த ஞாயித்துக்கிழமை முன்னாடியே ஒத்துக்கிட்ட ஒரு விஷயம் இருக்கு சார், மாத்த முடியாது. சனிக்கிழமை காலைல வந்து என் பங்கை முடிச்சுத் தந்துடறேன், ஞாயிறு ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன்ல இருப்பேன்." அவ்வளவு போதும். என்ன விஷயம்னு கேட்டா "குடும்பத்துல"ன்னு பொய் சொல்லாதீங்க, "சொந்த வேலை சார்"னு சொல்லுங்க, அது உண்மையும் கூட. பொய்க் காரணத்துக்கு அடுத்த தடவை புதுக் காரணம் தேடணும், தாத்தா ஒரு தடவைக்கு மேல சாக முடியாது.

அவர் "எல்லாரும் வராங்க, நீங்க மட்டும் என்ன ஸ்பெஷல்"னா, "இந்த வாரம் சனிக்கிழமை சேத்து ஆறு நாள் வந்துடறேன் சார், ஒரு நாள் மட்டும் விட்டுக் கொடுங்க"ன்னு சொல்லுங்க. சட்டம்ங்கற வார்த்தையே எடுக்கல, ஆனா ஏழாவது நாளைக் கேக்கறோம்ங்கறது அவருக்கே உறைக்கும். பேசி முடிச்ச உடனே ஒரு மெயில், ஆபீஸ் வழக்கப்படி இங்கிலீஷ்லயே போடுங்க, சாரம் இதுதான்: நாம பேசினபடி சனிக்கிழமை இத்தனை மணிக்கு வந்து இன்ன வேலைய முடிக்கிறேன், ஞாயிறு என் வார விடுமுறை, அவசரத்துக்கு இந்த நேரத்துல கிடைப்பேன். சூடான வார்த்தை ஒன்னும் வேணாம்.

வந்து வேலை பாத்தீங்கன்னா காம்ப் ஆஃபை அன்னைக்கே மெயில்ல கேளுங்க. அடுத்த மாசம் கேட்டா "அது லாப்ஸ் ஆயிடுச்சு"ம்பாங்க. ஃபேக்டரி ஆளுங்களுக்கு விட்டுப்போன வார லீவை அந்த மாசமோ அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ளயோ கொடுத்தாகணும்னு புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயே இருக்கு. அதே புது தொகுப்புல ஓவர்டைமுக்கு தொழிலாளியோட சம்மதம் வேணும்னும் இருக்கு, ஆனா நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்களும் 18,000க்கு மேல வாங்கற சூப்பர்வைசர்களும் அந்த "தொழிலாளி"ங்கற வரையறைல வர மாட்டாங்க, அதைப் பாத்துட்டு பேசுங்க.

ஸ்டெப் 8: நோட்டு போடுங்க

ஒரு சின்ன நோட்டோ போன்ல ஒரு ஷீட்டோ, தேதி, எத்தனை மணிக்கு உள்ள போனீங்க, எப்ப வெளிய வந்தீங்க, யார் கூப்பிட்டாங்க, காம்ப் ஆஃப் கிடைச்சுதா. வாட்ஸ்அப் மெசேஜை தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கங்க. கிளையண்ட் விவரம், கம்பெனி டேட்டா இருக்கற எதையும் வெளிய அனுப்பாதீங்க, அதுவே உங்க மேல குற்றச்சாட்டா திரும்பும். வேலைக்கு கூப்பிட்ட மெசேஜும் உங்க வருகைப் பதிவும் போதும். பயோமெட்ரிக் இருந்தா மாசா மாசம் அந்த ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி வைங்க, வேலைய விட்டு எடுத்த அன்னைக்கு லாகின் போயிடும், அப்புறம் எதுவும் கையில இருக்காது.

ஸ்டெப் 9: மெமோ வந்தா

ஞாயிறு வரலன்னு விளக்கம் கேட்டு கடிதம் வந்தா பயந்துட்டு மன்னிப்பு கேட்டு எழுதாதீங்க, "இனிமேல் வருவேன்"னு எழுதிக் கொடுக்கற வரி தான் பின்னாடி தலைவலி. கொடுத்த நாளுக்குள்ள கண்டிப்பா பதில் எழுதுங்க. அந்த வாரத்துல எத்தனை மணி நேரம் வேலை பாத்தேன், எந்த நாள் என் வார விடுமுறை, முன்னாடியே யார்கிட்ட சொன்னேன், என்ன மாற்று ஏற்பாடு பண்ணேன், இந்த நாலும் தேதியோட இருந்தா போதும். சைடு வேலையப் பத்தி அவங்க கேக்காத வரைக்கும் நீங்களா எழுத வேணாம், கேட்டா பொய் எழுத வேணாம்.

சில இடத்துல மெமோ எல்லாம் கொடுக்க மாட்டாங்க, ரூமுக்கு கூப்பிட்டு "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்டு கிளீனா இருக்கும்"பாங்க. அங்கயே கையெழுத்து போடாதீங்க, வீட்ல பேசிட்டு சொல்றேன்னு எழுந்து வாங்க. நீங்களா ரிசைன் பண்ணா வேலைய விட்டு எடுத்தாங்கன்னு சட்டத்துல பேச பெருசா ஒன்னும் மிஞ்சாது. அவங்க எடுத்தா 1947 கடைகள் சட்டத்தோட 41வது பிரிவு இருக்கு, தொடர்ந்து 6 மாசம் வேலை பாத்தவரை நியாயமான காரணமும், ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ இல்லாம எடுக்கக்கூடாது (விசாரணைல தப்பு நிரூபணமானா நோட்டீஸ் தேவையில்ல), எடுத்தா 30 நாளுக்குள்ள தொழிலாளர் துறைல மேல்முறையீடு போடலாம். இந்தத் தேதிய விட்டுடாதீங்க. 6 மாசம் ஆகாதவங்க, புரொபேஷன்ல இருக்கறவங்க ஞாயித்துக்கிழமைக்காக மல்லுக்கட்டாதீங்க, முதல்ல 6 மாசத்தைத் தாண்டுங்க.

ஸ்டெப் 10: புகார் கொடுக்கணும்னா

கடை, ஆபீஸ்னா உங்க ஏரியா தொழிலாளர் உதவி ஆய்வாளர், ஃபேக்டரின்னா தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வார லீவு கொடுக்கறதில்ல, ஓவர்டைம் தர்றதில்லன்னு மொத்த ஆபீஸ் பத்தி எழுதுனா தனியா உங்க பேர் அடிபடறது குறையும். நாலஞ்சு பேர் சேந்து போனா இன்னும் நல்லது. ஐடி ஆளுங்க சங்கம் வைக்கலாமாங்கற சந்தேகத்தை 2016லயே தமிழ்நாடு அரசு தீத்து வச்சாச்சு, வைக்கலாம். ஆனா போறதுக்கு முன்னாடி உங்க பக்கம் ஒரு தடவை பாருங்க, முதல் வகை லெட்டர்ல கையெழுத்து போட்டு, சைடு வேலை விவரம் ஆபீஸ்ல பாதி பேருக்கு தெரிஞ்சிருந்தா, புகாருக்கு பதிலா அவங்க அதைத்தான் எடுப்பாங்க. அந்த நிலைமைல வேற வேலை தேடிக்கிட்டு கௌரவமா வெளிய வர்றது தான் என் யோசனை.

வெளிய வரும்போது நோட்டீஸ் காலத்தை முழுசா முடிங்க. எடுக்காத காம்ப் ஆஃப், மிச்ச லீவு, ஓவர்டைம் எல்லாத்தையும் தேதி போட்டு ஒரே மெயில்ல கேளுங்க. ரிசைன் பண்ணாலும் சரி எடுத்தாலும் சரி, கடைசி சம்பளத்தை ரெண்டு வேலை நாளுக்குள்ள கொடுக்கணும்னு புது ஊதியத் தொகுப்புல இருக்கு, 45 நாள் ஆகும்னு பழைய பழக்கத்துல சொல்லுவாங்க, அந்த விதியை மெயில்ல ஒரு வரி போட்டா வேகம் வரும். பிஎஃப் போர்ட்டல்ல வெளியேறின தேதி ஏத்திட்டாங்களான்னு பாருங்க, அதை ஏத்தாம விட்டா அடுத்த கம்பெனில சேந்த பிறகு ரெண்டு வேலை ஒன்னா பாத்த மாதிரி பதிவாகி நிக்கும்.